பெடலைக் கழட்டுங்கோ, பிறகு பழக்குங்கோ: சின்னனுகளுக்குச் சைக்கிள்

பெப்ரவரி 3, பின்னேரம் | புதுக்குடியிருப்பு

மகளுக்கு அஞ்சரை வயது. 16 இஞ்ச் சைக்கிள், பக்கச் சில்லோட வாங்கினது. பக்கச் சில்லு இருந்தால் முத்தம் முழுக்கச் சுத்துவாள். கழட்டினால் ரெண்டு பாகத் தூரம் போக முதல் விழுறாள். தகப்பன் சீற்றைப் பிடிச்சுக்கொண்டு பின்னால ஓடுறார், விட்ட உடன இடப்பக்கம் சாயுது. அப்பப்பா சொல்லுறார் உந்தச் சின்னச் சைக்கிள் சரிவராது, பெரிய சைக்கிளில நடுப்பாருக்குக் கீழால காலை விட்டு ஓடட்டும் எண்டு. வீட்டு முன்ரோட்டு கிரவல். எதில இருந்து துவங்கிறது?

பெப்ரவரி 3, இரவு | விசுவமடு

பக்கச் சில்லைக் கழட்டினது நல்லது. இனிப் பெடலையும் கழட்டுங்கோ. ரெண்டையும்.

சைக்கிளில பழகவேண்டியது ரெண்டு வேலை. ஒண்டு விழாமல் நிக்கிறது, மற்றது மிதிக்கிறது. மிதிக்கிறது உங்கட பிள்ளைக்கு வந்திட்டுது, வராதது சமநிலை. பெடல் இருக்கிற வரைக்கும் பிள்ளையின்ர கால் பெடலைத்தான் தேடும், நிலத்தைத் தேடாது. சாயேக்க கால் ஊண்ட நேரம் காணாது, அதுதான் விழுறது. பெடல் இல்லாட்டிக் கால் ரெண்டும் நிலத்தில, நினைச்ச இடத்தில தானே நிக்கலாம். பயம் அரைவாசி அதிலயே போயிடும்.

பெடல் கழட்ட அனேகமா 15ஆம் நம்பர் ஸ்பனர் காணும். ஸ்பனரின்ர கைபிடி மேல பாத்து நிக்கிற மாதிரிக் கொளுவுங்கோ. கைபிடியைப் பின்சில்லுப் பக்கம் இழுத்தால் ரெண்டு பெடலும் கழரும், முன்சில்லுப் பக்கம் தள்ளினால் ரெண்டும் இறுகும். இது ஒண்டை மட்டும் நினைவில வைச்சால் போதும். வலப்பக்கம் வழமையான மரை, இடப்பக்கம் எதிர்மரை. இது தெரியாமல் இடப்பக்கப் பெடலையும் வலப்பக்கம் மாதிரியே திருப்பி, கழரேல்லை எண்டு ஸ்பனரில ஏறி மிதிக்கிறவை இருக்கினம். அப்பிடி மிதிச்சால் இன்னும் இறுகும், கடைசியில மரை அறுந்து, பெடல் பூட்டுற கிராங்கையே மாத்தவேண்டி வரும்.

சீற் உயரம்: பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோட முதுகு முட்ட நிக்க விடுங்கோ. மட்டை கட்டின கொப்பி ஒண்டைக் கவட்டுக்குள்ள மட்டமா வைச்சு, அதின்ர மேல் விளிம்பு சுவரில படுற இடத்தைப் பென்சிலால கீறுங்கோ. நிலத்தில இருந்து கோடு மட்டும் அளந்து, அதில 3 சென்ரிமீற்றர் குறைச்சால் வாற உயரத்தில சீற்றின்ர மேல்பக்கம் இருக்கவேணும். சீற்றில இருக்கேக்க ரெண்டு உள்ளங்காலும் முழுசா நிலத்தில பட்டு முழங்கால் கொஞ்சம் மடங்கவேணும். நுனிக்கால் மட்டும் படுதெண்டால் இன்னும் இறக்குங்கோ.

பிறகு இந்த ஒழுங்கு:

முதல் நடை. சீற்றில இருந்துகொண்டு சும்மா நடக்கிறது, ஹான்டிலைப் பிடிச்சபடி. ஒருத்தரும் பிடிக்கவேண்டாம்.

அடுத்தது நீட்டு நடை. ஒவ்வொரு எட்டும் நீளமா, தள்ளித் தள்ளி. இதில பிள்ளை தானாகவே வேகம் எடுக்கும்.

பிறகு ரெண்டு காலையும் தூக்கிறது. மூண்டு மட்டும் எண்ணச் சொல்லுங்கோ, பிறகு அஞ்சு, பிறகு பத்து. பத்து எண்ணுமட்டும் கால் ஊண்டாமல் நேராப் போனால் சமநிலை வந்திட்டுது.

கடைசியா வளைவு. வெறும் தண்ணிப் போத்தல் நாலஞ்சை ரெண்டு மீற்றருக்கு ஒண்டா வைச்சு, நடுவால வளைஞ்சு போகச் சொல்லுங்கோ. கல்லு வைக்காதேங்கோ, விழுந்தால் அதில படும்.

ஒரு தரத்துக்கு 15, 20 நிமிசம். பிள்ளை களைக்க முதல் நிப்பாட்டுங்கோ. களைச்ச பிள்ளை ஹான்டிலை இறுக்கிப் பிடிக்கும், முழங்கை விறைக்கும், அதோட எல்லாம் பிழைக்கும்.

பெப்ரவரி 4 | விசுவமடு

பக்கச் சில்லு ஏன் உதவாதெண்டதை நேற்று எழுதேல்லை. ரெண்டு சில்லுச் சைக்கிள் சாயிற பக்கம் ஹான்டிலைத் திருப்பினால்தான் நிமிரும். இடப்பக்கம் சாயுதெண்டால் இடப்பக்கம் திருப்பவேணும். பக்கச் சில்லு பூட்டினது சாயாது. அதால பிள்ளை சாயிறதையும் உணராது, திருப்பிறதையும் பழகாது. வளைவில உடம்பை வெளிப்பக்கம் சரிச்சுப் பழகும், அது நேர் எதிர்ப்பழக்கம். கனகாலம் பக்கச் சில்லோட ஓடின பிள்ளைக்கு முதல் அந்தப் பழக்கத்தை மறக்கடிக்கவேணும், அதுக்கும் நீட்டு நடைதான் வழி.

கிரவலில இன்னொரு சங்கடம். பக்கச் சில்லு ரெண்டும் மேட்டில ஏறிப் பின்சில்லு பள்ளத்துக்குமேல நிண்டுதெண்டால், பின்சில்லு நிலத்தில படாமல் சும்மா சுத்தும். பின்பிறேக் பிடிச்சும் நிக்காது.

பெப்ரவரி 4, இரவு | ஒட்டுசுட்டான்

பெடல் இல்லாத சைக்கிளெண்டது வெளிநாட்டுக்காரற்ற இப்பத்தைய மோஸ்தர். எங்கட ஆக்கள் உதில்லாமல்தான் பழகினவை.

பெப்ரவரி 5 | விசுவமடு

சைக்கிள் பிறந்ததே பெடல் இல்லாமல்தான், அண்ணை. 1817இல ஜேர்மனியில கார்ல் டிறைஸ் செய்த வண்டிக்கு ரெண்டு சில்லும் ஹான்டிலும் இருந்தது, பெடல் இல்லை. காலால உந்தி உந்தி ஓடினவை. பெடல் 1860களில பிரான்சில வந்தது, பின்சில்லுக்குச் செயின் போட்ட இப்பத்தைய அமைப்பு 1885இல இங்கிலாந்தில வந்தது. பெரியாக்கள் போன அதே ஒழுங்கில பிள்ளையும் போகட்டும்.

எங்கட ஆக்கள் பெரிய சைக்கிளில பழகின விதத்திலயும் இதே உந்தல் இருக்கு. அதைத் தனியா எழுதவேணும்.

பெப்ரவரி 6 | மாங்குளம், திருத்துற கடை

மேல எழுதினது சரி, கடைப் பக்கத்தில இருந்து கொஞ்சம் கூட்டுறன்.

பெடல் இறுகிப்போயிருந்தால் மரையில எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கோ. மண்ணெண்ணெயும் உதவும். கழட்டேக்க செயினைப் பெரிய பல்லுச் சில்லில விட்டுவைச்சால் கை வழுக்கினாலும் பல்லுக் கிழிக்காது. கழட்டின பெடல் ரெண்டையும் ஒரு பைக்குள்ள போட்டு, எது இடம் எது வலம் எண்டு எழுதி வையுங்கோ. அச்சுக் கம்பியின்ர நுனியில எல், ஆர் எண்டு பொறிச்சிருக்கும், ஊத்தையைத் துடைச்சால் தெரியும். திருப்பிப் பூட்டேக்க மரைக்குக் கிறீஸ் பூசி, முதல் நாலு சுத்து கையாலயே போகவேணும். கையால போகாட்டி மரை கோணலா ஏறுது, ஸ்பனரைத் தொடாதேங்கோ.

சீற் அவ்வளவு கீழ இறங்காட்டி, சீற் கம்பியின்ர அடியை வெட்டலாம். எண்டாலும் பிறகு உயர்த்தேக்க சட்டத்துக்குள்ள குறைஞ்சது 6 சென்ரிமீற்றர் கம்பி இருக்கவேணும், இல்லாட்டி முறியும். 2 சென்ரிமீற்றருக்காகக் கம்பியை வெட்டாமல், தடிச்ச சீற்றைக் கழட்டி மெல்லிசு ஒண்டு போடுறது சுகம்.

அளவு கேக்கிற ஆக்களுக்கு: மூண்டு வயதுக்கு 12 இஞ்ச், நாலுக்கு 14, அஞ்சு ஆறுக்கு 16, ஏழில இருந்து 20. வயதை விடக் கால் நீளம்தான் கணக்கு. வளர்ற பிள்ளை எண்டு ஒரு அளவு கூட வாங்கிறது பழகிற காலத்தில கூடாது. சில்லு பெரிசானால் பாரமும் கூடும். 18 கிலோப் பிள்ளைக்கு 10 கிலோ இரும்புச் சைக்கிள் எண்டால், சாயேக்க அதைப் பிடிச்சு நிமித்தப் பலம் காணாது. வாங்க முதல் கையால தூக்கிப் பாருங்கோ.

பெப்ரவரி 7 | புதுக்குடியிருப்பு

கழட்டியாச்சு. இடப்பக்கம் எதிர்மரை எண்டு சொல்லாட்டி அறுத்திருப்பம். எங்க ஓடவிடுறது? கிரவலில சறுக்குது. குளக்கட்டில வாகனம் வராதெண்டு தகப்பன் சொல்லுறார்.

பெப்ரவரி 7, இரவு | விசுவமடு

குளக்கட்டு வேண்டாம். முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ இரணைமடுவோ, கட்டு நேராயும் மட்டமாயும் இருக்கும், பாக்க ஆசையாத்தான் இருக்கும். ஒருபக்கம் தண்ணியும் அலைகல்லும், மற்றப்பக்கம் சரிவு. பழகிற பிள்ளை நேராப் போகாது, ஒரு மீற்றர் அகலத்துக்கு ஆடும். வாய்க்கால் கட்டும் அப்பிடித்தான்.

நல்ல இடம் நெல் காயவிடுற சீமெந்துத் தளம். அறுவடை முடிஞ்சு நெல் அள்ளின பிறகு கூட்டிவிட்டால் சரி. நெல்மணி நாலு கிடந்தாலும் சில்லு சறுக்கும், அதால கூட்டாமல் இறக்கவேண்டாம். தளம் இல்லாட்டிப் பள்ளிக்கூட மைதானத்தின்ர இறுகின பக்கம், கோயில் வெளிவீதி, பொதுநோக்கு மண்டபத்து முன்பக்கம். 10 மீற்றர் அகலம், 30 மீற்றர் நீளம் இருந்தால் தாராளம்.

சின்னச் சரிவு இருந்தால் நல்லம். 10 மீற்றருக்கு ஒரு சாண் இறங்கினால் காணும். மேல இருந்து காலைத் தூக்கிவிட்டால் தானே உருளும், உந்தத் தேவையில்லை. சரிவின்ர அடியில வேலி, கிணத்துக்கட்டு, ரோட்டு ஒண்டும் இருக்கக்கூடாது, பிறகும் 10 மீற்றர் மட்டமான நிலம் வேணும்.

புல்லு மெத்தெண்டு விழச் சுகம் எண்டு சிலபேர் புல்லில விடுவினம். புல்லில சில்லு உருளாது, வேகம் வராது, வேகம் வராட்டிச் சமநிலை வராது. முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து மணலும் அதேதான். கிரவலில விடத்தான் வேணுமெண்டால், வாகனச் சில்லு ஓடி இறுகின தடத்தில விடுங்கோ, ஓரத்து உருளைக் கல்லில விடாதேங்கோ. மழைக்கு அரிச்ச வரம்புவரம்பான துண்டும் வேண்டாம்.

இன்னொண்டு. வீட்டைச் சுத்தி ஆக்கள் நடமாடுற நிலத்துக்குள்ளதான் ஓடவேணும். கண்ணிவெடிப் பலகை போட்டு இன்னும் துப்புரவாக்கி முடியாத துண்டுகள் வன்னியில இருக்கு. சைக்கிள் பத்தைக்குள்ள போனால் பிள்ளை தானாப் போய் எடுக்கக்கூடாது எண்டதை, சைக்கிள் பழக்கிற அண்டைக்கே சொல்லிக் குடுங்கோ.

பெப்ரவரி 12 | புதுக்குடியிருப்பு

உருளுறாள்! தளத்தின்ர ஒரு தலைப்பில இருந்து மற்றத் தலைப்பு மட்டும் காலைத் தூக்கிக்கொண்டு போறாள். பெடலைப் பூட்டினால் திரும்பவும் பாம்பு மாதிரி நெளியுது. பெடலைக் குனிஞ்சு பாக்கிறாள்.

பெப்ரவரி 12, இரவு | விசுவமடு

அது எல்லாப் பிள்ளைக்கும் வாறது. குனிஞ்சால் தலை முன்னுக்குப் போகும், தோள் ஹான்டிலை அமத்தும், வேகமும் குறையும். வேகம் குறைஞ்சால் நெளிவு கூடும். ஆள் கெதியா நடக்கிற வேகத்துக்குக் கீழ ஒரு சைக்கிளும் லேசில நேராப் போகாது, பெரிய ஆக்கள் ஓடினாலும்.

பெடல் பூட்டினாப் பிறகு சீற்றை ரெண்டு சென்ரிமீற்றர் உயர்த்துங்கோ, பாதத்தின்ர முன்பாதி நிலத்தில படுற அளவுக்கு. முந்தின உயரத்திலயே விட்டால் முழங்கால் நெஞ்சுக்கு வரும், மிதிக்கப் பலம் வராது.

துவங்கிற விதம்: ஒரு கால் நிலத்தில. மற்றக் காலுக்குரிய பெடலை மணிக்கூட்டில ரெண்டு மணி காட்டுற முள்ளின்ர நிலைக்குக் கொண்டுவாங்கோ, சைக்கிளை வலப்பக்கமா நிண்டு பாத்தால். இடக்காலால துவங்கிற பிள்ளைக்கு, இடப்பக்கமா நிண்டு பாக்க பத்து மணி. அந்த நிலையில ஒரு மிதி அமத்தினால் சைக்கிள் ரெண்டு மீற்றர் தானே போகும், அதுக்குள்ள மற்றக் கால் பெடலில வந்து குந்தும். பெடல் அடியில இருந்தால் மிதிக்க இடமில்லை, உச்சியில இருந்தால் கால் வழுக்கும். இந்த ஒரு மிதியை மட்டும் தனியாப் பழக்குங்கோ: மிதி, உருள், பிறேக், நில். திரும்பவும்.

பெடலைப் பாக்காதை எண்டு சொல்லாதேங்கோ, சொன்னால் பாக்கும். நீங்கள் 10 மீற்றருக்கு அங்கால போய் நிண்டு, கையில எத்தினை விரல் காட்டுறன் எண்டு கேளுங்கோ. விரலை மாத்தி மாத்திக் காட்டுங்கோ. தலை தானா நிமிரும்.

பெப்ரவரி 13 | விசுவமடு

தகப்பனுக்கு: பிடிக்கத்தான் வேணுமெண்டால் பிள்ளையைப் பிடியுங்கோ, சைக்கிளைப் பிடிக்காதேங்கோ. சீற்றைப் பிடிச்சால் சாயிறதை உங்கட கை நிமித்துது, பிள்ளை ஒண்டும் செய்யேல்லை. அதுதான் விட்ட உடன சாயிறது. ஹான்டிலைப் பிடிக்கிறது அதைவிட மோசம், பிள்ளை திருப்புறதையே நீங்கள் தடுக்கிறியள்.

நல்ல வழி, ஒரு துவாயை அல்லது சால்வையை மடிச்சு நெஞ்சைச் சுத்தி ரெண்டு கக்கத்துக்குக் கீழாலயும் விட்டு, முதுகுக்குப் பின்னால ரெண்டு தலைப்பையும் ஒரு கையில பிடிக்கிறது. தொய்வா விட்டபடி பக்கத்தில கொஞ்சம் பின்னால ஓடுங்கோ. விழப்போனால் மட்டும் இறுகட்டும். கட்டி முடிச்சுப் போடவேண்டாம், கழுத்துப் பக்கமும் கொண்டுபோகவேண்டாம்.

விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுச் சொல்லாமல் விடுறதும் வேண்டாம். அடுத்த நாள் பிள்ளை திரும்பித் திரும்பி உங்களைத்தான் பாக்கும், பாக்கிற பக்கம் சைக்கிள் போகும்.

பெப்ரவரி 16 | ஒட்டுசுட்டான்

சரி, பெரிய சைக்கிளைப் பற்றி எழுதுறன் எண்டு சொன்னியள். எல்லா வீட்டிலயும் 16 இஞ்ச் இல்லை. பெற்றோல் தடை இருந்த 90களில வீட்டுக்கு ஒரு சைக்கிள், அதிலதான் விறகும் நெல்லு மூட்டையும் ஆக்களும் போனது. பிள்ளையளும் அதிலதான் பழகினவை.

பெப்ரவரி 17 | விசுவமடு

பெரிய சைக்கிள் முறையைக் குறைச்சுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதில ஒரு நல்ல குணம் இருக்கு: பிள்ளை சீற்றில ஏறாமல், எந்த நேரமும் குதிக்கக்கூடிய நிலையில நிக்குது. எட்டு வயதுக்குக் கிட்டக் காணும், அதுக்குக் கீழ சைக்கிளின்ர பாரம் தாங்காது. ஒழுங்கு இப்பிடி:

சைக்கிளுக்கு இடப்பக்கம் நிண்டு ரெண்டு கையாலயும் ஹான்டிலைப் பிடிச்சு உருட்டி நடக்கிறது, வளைக்கிறது, பிறேக் பிடிச்சு நிப்பாட்டுறது. இதைக் கவனமாப் பழக்கினால் மற்றது லேசு. உருட்டேக்க சைக்கிள் பிள்ளையின்ர பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கவேணும், அங்கால சாஞ்சால் பிடிக்க ஏலாது.

பிறகு இடக்காலை இடப்பெடலில வைச்சு, பெடல் அடியில இருக்க, வலக்காலால உந்துறது. பெடல் கழட்டின சின்னச் சைக்கிளில செய்யிறதும் இதுதான். உந்திப்போட்டு வலக்காலைத் தூக்கி வைச்சு உருளவேணும். பத்து எண்ணுமட்டும் உருண்டால் அடுத்த படி.

அடுத்தது வலக்காலைப் பாருக்குக் கீழால விட்டு வலப்பெடலில வைக்கிறது. இடக்கை ஹான்டிலில, வலக்கையால பாரைப் பிடிக்கலாம். சைக்கிள் வலப்பக்கம் சாயும், உடம்பு இடப்பக்கம் தொங்கும், ரெண்டும் ஒண்டையொண்டு சமப்படுத்தும். முழுச்சுத்து உடன வராது. பெடலைப் பாதி அமத்தி, திருப்பி மேல கொண்டுவந்து, திரும்பவும் பாதி. பின்சில்லு விடுபட்டுச் சுத்திறதால இப்பிடி அரைமிதியிலயே போகலாம். அரைமிதி ஓடி ஓடி ஒரு நாளைக்கு முழுமிதி தானா வரும்.

இதில பிழைக்கிற இடம் மூண்டு. வலக்கை பாரில இருக்கிற நேரம் இடக்கைப் பிறேக் மட்டும்தான் இருக்கு, அது முன்பிறேக் எண்டால் ஆபத்து. வலக்கால் செயினுக்குப் பக்கத்தில நிக்கிறதால செயின் கவர் இல்லாத சைக்கிளில கணுக்கால் கிழியும், பாவாடை மாட்டும். மூண்டாவது, வலப்பக்கம் விழுந்தால் கால் சட்டத்துக்குள்ள மாட்டும், இழுத்து எடுக்க ஏலாது.

பெப்ரவரி 17, இரவு | விசுவமடு

திரும்ப யோசிச்சுப் பாத்தன். வீட்டில அம்மாவின்ர லேடீஸ் சைக்கிள் இருந்தால், பாருக்குக் கீழால விடுற முறைக்குப் போகவே வேண்டாம். நடுவில பார் இல்லை, நிண்டுகொண்டே ரெண்டு காலாலயும் மிதிக்கலாம், ரெண்டு பக்கமும் குதிக்கலாம். சட்டத்துக்குள்ள கால் மாட்டாது. இடப்பெடலில நிண்டு உந்தி உருளுற படியை முடிச்சுப்போட்டு நேரா நிண்டு மிதிக்க விடுங்கோ. சீற் பிறகு வரட்டும். பின்கரியர் வெறுமையா இருக்கவேணும், மூட்டையோ தம்பியோ தங்கச்சியோ வேண்டாம்.

பத்து, பன்ரண்டு வயதாகியும் ஓடப் பழகாத பெட்டையளுக்கும், இப்ப பழக நினைக்கிற அம்மாமாருக்கும் இதே முறைதான். பெரிய ஆள் எண்டால் சீற்றை அடிமட்டம் இறக்கிப் பெடலைக் கழட்டியும் செய்யலாம். கிராங்கை அச்சோட இறுக்கிற கொத்தர் ஆணி அடிச்ச பழைய சைக்கிளில பெடலை மட்டும் கழட்டுங்கோ, ஆணியைத் தட்டாதேங்கோ. ஒருக்காக் கழண்ட ஆணி பிறகு கிராங்கை ஆடவைக்கும்.

பெப்ரவரி 23 | மாங்குளம், திருத்துற கடை

மாசி, பங்குனியில கடைக்கு வாற சின்னச் சைக்கிளில காத்துப்போறதுக்குப் பெரிய காரணம் நெருஞ்சி முள்ளு. மழை ஓய்ஞ்சு நிலம் காய, நெருஞ்சிக் காயும் முத்தும், மைதான ஓரம் எல்லாம் இருக்கும். முள்ளு ரயரைத் துளைச்சு உள்ளுக்கே முறிஞ்சு நிக்கும். ரியூப்பை ஒட்டிப் பூட்டினால் அடுத்த நாள் அதே இடத்தில திரும்பவும் ஓட்டை.

ஒட்ட முதல் ரயரின்ர உள்பக்கத்தைப் பழைய துணியால சுத்தித் துடையுங்கோ. துணி மாட்டுற இடத்தில முள்ளு இருக்கு, குறட்டால இழுங்கோ. வெறும் விரலால தடவாதேங்கோ. ரியூப்புக்குக் காத்தடிச்சுத் தண்ணிக்குள்ள பிடிச்சுக் குமிழ் வாற இடத்தைக் குறியுங்கோ. நெருஞ்சி ஒண்டு குத்தினால் பக்கத்தில இன்னொண்டும் குத்தியிருக்கும், முழுச்சுத்தும் பாருங்கோ. குறிச்ச இடத்தை அரத்தாள் போட்டு மங்கும்வரை உரசி, சொலூசனை ஒட்டுத் துண்டை விடக் கொஞ்சம் பெரிசா மெல்லிசாப் பூசி, பளபளப்புப் போகுமட்டும் பொறுங்கோ. ஈரத்தில ஒட்டினால் கழரும். அஞ்சு நிமிசம் பொறுக்காததாலதான் அனேக ஒட்டுக் கழர்றது.

பழகிற சைக்கிளுக்குக் காத்து கல்லு மாதிரி இருக்கவேண்டாம். பெருவிரலால பலமா அமத்தினால் கொஞ்சம் உள்ளுக்குப் போகவேணும். கிரவலில அது துள்ளாது. எண்டாலும் பிள்ளை ஏறி இருக்கேக்க ரிம் நிலத்தில முட்டுற அளவுக்கு விடக்கூடாது.

மார்ச் 1 | விசுவமடு

பிறேக்கைப் பற்றி மேல ஒரு வரியில விட்டிட்டம், அது காணாது.

கை சின்னன். பிறேக் பிடி விரலுக்கு எட்டாட்டி இருந்தும் இல்லாததுதான். பிடியின்ர உடம்பில ஹான்டில் பக்கமா ஒரு சின்ன மரை ஆணி இருக்கும், உள்ளுக்கு முறுக்கினால் பிடி ஹான்டிலுக்குக் கிட்ட வரும். ரெண்டு விரலால இழுக்கக்கூடியதா இருக்கவேணும், அரைவாசித் தூரம் வர முதலே கட்டை ரிம்மில பிடிக்கவேணும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில 2 மில்லிமீற்றர் விட்டால் போதும். கிரவல் தூசி கேபிள் உறைக்குள்ள போய் இறுகும், மாதம் ஒருக்கா ரெண்டு துளி எண்ணெய்.

எந்தப் பிடி எந்தச் சில்லை நிப்பாட்டுது எண்டதை இழுத்துப் பாத்து உறுதி செய்யுங்கோ, சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். முதல் பின்பிறேக்கை மட்டும் சொல்லிக்குடுங்கோ. ஓடிக்கொண்டு முன்பிறேக்கை மட்டும் சடாரெண்டு பிடிச்சால் பின்சில்லு கிளம்பும், பிள்ளை ஹான்டிலுக்கு மேலால போகும். நிலத்தில கோடு ஒண்டு கீறி, முன்சில்லு கோட்டில நிக்கவேணும் எண்டு விளையாட்டா விடுங்கோ. கோட்டில நிக்கப் பழகின பிள்ளையைத்தான் ரோட்டுக்கு விடலாம். செருப்பைத் தேய்ச்சு நிக்கிற பழக்கம் வந்திட்டால் பிறகு மாத்துறது கஷ்டம்.

மார்ச் 2 | வவுனியா

ஆசுபத்திரிப் பக்கத்தில இருந்து ரெண்டு விசயம், இது ஆக்களுக்குத் தெரியவேணும்.

ஒண்டு, ஹான்டில் நுனி. றப்பர் பிடி தேய்ஞ்சு இரும்புக் குழாய் வெளிய தெரியிற சைக்கிளைப் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ. விழேக்க அந்த நுனி வயித்தில குத்தினால் வெளியில சின்ன வட்டமாக் கண்டல் மட்டும்தான் தெரியும். உள்ளுக்கு மண்ணீரல், ஈரல், கணையம், குடல் காயப்பட்டிருக்கலாம். நோ கூடுறது, சத்தி, முகம் வெளுறுறது மணித்தியாலங்கள் கழிச்சும் வரலாம், அடுத்த நாளும் வரலாம். வயித்தில ஹான்டில் குத்தினது எண்டு தெரிஞ்சால் பொறுத்துப் பாக்காமல் கொண்டுபோங்கோ. 1990 எண்ட நம்பருக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. புதுப் பிடி ஒரு சோடி பெரிய செலவில்லை.

மற்றது, சில்லுக் கம்பி. கரியரில இருந்து போற சின்னப் பிள்ளையின்ர குதிக்கால் பின்சில்லுக்குள்ள போறது. அக்கா ஓடப் பழகின உடன தம்பியை ஏத்துவா, அப்பதான் இது நடக்கும். முதலில தோல் கொஞ்சம் உரிஞ்ச மாதிரிதான் இருக்கும், நசிஞ்ச தசை நாலஞ்சு நாளில கறுத்துச் செத்துவரும். மாட்டின காலை இழுக்காதேங்கோ, கம்பியை வெட்டி எடுங்கோ. கழுவிச் சுத்தத் துணியால மூடி ஆசுபத்திரிக்கு. கால்மிதியும் சில்லு மறைப்பும் இல்லாத கரியரில பிள்ளை ஏத்தவேண்டாம், ஓடப் பழகிற பிள்ளை ஒருத்தரையும் ஏத்தவேண்டாம்.

சாதாரண உரிவுக்கு ஓடுற தண்ணியும் சவுக்காரமும். கிரவல் துணுக்கை உள்ளுக்கு விடாதேங்கோ. தடுப்பூசி அட்டையைப் பாத்து ஏற்பு ஊசி சரியாப் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. தலை அடிபட்டுச் சத்தி எடுத்தால், வழமையில்லாமல் நித்திரை தூங்கினால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் உடன கொண்டுபோகவேணும்.

தலைக்கவசம் போடுறதெண்டால் புருவத்துக்கு மேல ரெண்டு விரல் அகலத்தில முன்விளிம்பு இருக்கவேணும், நாடிக்குக் கீழ வாரில ஒரு விரல் நுழையவேணும். மோட்டச்சைக்கிள் கவசம் பிள்ளையின்ர கழுத்துக்குப் பாரம், அது வேண்டாம்.

மார்ச் 10 | கனகராயன்குளம்

ஓடப் பழகிட்டான், எட்டு வயது. பள்ளிக்கூடம் ஏ9 மெயின் ரோட்டுக்கு அங்கால. எப்ப தனிய விடலாம்?

மார்ச் 10, இரவு | விசுவமடு

நேராப் போகத் தெரிஞ்சது பாதிதான். இந்த மூண்டும் தளத்தில வரவேணும்.

தோளுக்கு மேலால பின்னுக்குப் பாத்துக்கொண்டு நேராப் போறது. நீங்கள் பின்னால நிண்டு விரல் காட்டுங்கோ, அவன் வலத்தோளுக்கு மேலால பாத்து எண்ணிக்கை சொல்லட்டும். முதல் முதல் பாக்கேக்க சைக்கிள் வலப்பக்கம் இழுபடும். ஏ9இல அந்த இழுபடுற அரை மீற்றருக்குள்ளதான் பஸ் வரும். கோட்டை விட்டு விலகாமல் பாக்குமட்டும் விடவேண்டாம்.

ஒரு கையை விட்டு ஓடுறது. இது வராமல் கை காட்ட ஏலாது.

தார் விளிம்பில இருந்து கிரவலுக்கு இறங்கி ஏறுறது. காப்பெற் போட்ட ரோட்டு விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையில நாலு விரல் பள்ளம் இருக்கும். பக்கவாட்டா உரசி ஏறினால் சில்லு விளிம்பில வழுக்கி ரோட்டுக்கு நடுவில விழுத்தும். நிண்டு, இறங்கி, தூக்கி வைச்சு ஏறுறதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

ஏ9ஐ ஓடிக் கடக்கவே வேண்டாம். இறங்கி, வலம், இடம், திரும்ப வலம் பாத்து, உருட்டிக்கொண்டு கடக்கட்டும். றெயில் பாதையும் அப்பிடித்தான். 2013இல கிளிநொச்சிக்கும் 2014இல பளைக்கும் றெயில் திரும்ப ஓடத் துவங்கினாப் பிறகு வளர்ந்த பிள்ளையளுக்கு அது பழக்கம், எண்டாலும் தண்டவாளத்தைச் சரிவாக் கடந்தால் சின்னச் சில்லு தண்டவாளத்தோரக் காடிக்குள்ள இறங்கும். செங்குத்தா, உருட்டிக்கொண்டு.

அறுவடைக் காலத்தில ரோட்டோரம் நெல் காயும், அதைச் சுத்திப் போகப் பிள்ளை நடுரோட்டுக்கு வரும். கட்டாக்காலி மாடு படுத்திருந்தாலும் அதே பிரச்சினை. மாட்டுக்கு முன்னால போகாமல் வாலுக்குப் பின்னால போகச் சொல்லுங்கோ, மாடு எழும்பினால் முன்னுக்குத்தான் போகும்.

எட்டு வயதில ஏ9 ஓரத்தில தனிய விடுறது எனக்குச் சம்மதமில்லை. உள்ரோட்டால வரட்டும், கடக்கிற இடத்தில பெரிய ஆள் ஒருத்தர் நிக்கட்டும்.

ஜூன் 20 | பரந்தன்

மகனுக்கு ஆறு வயது. பங்குனியில நல்லா உருண்டவன், இப்ப பெடல் பூட்டி ஓடேக்க ஒரே பக்கம் தள்ளுப்படுறான். சைக்கிளில பிழையோ?

ஜூன் 20, இரவு | விசுவமடு

முதல் சைக்கிளைப் பாருங்கோ. முன்சில்லைக் கால்களுக்கிடையில இறுக்கிப் பிடிச்சு ஹான்டிலைத் திருப்பினால் தனிய திரும்புதோ? திரும்பினால் கழுத்து ஆணி இளகியிருக்கு. பின்சில்லு சட்டத்துக்கு நடுவில நிக்குதோ? செயினை இழுத்துப் பூட்டேக்க ஒரு பக்கம் கூட இழுத்தால் கோணும். செயின் மேல கீழ ஒரு விரல் அகலம் ஆடினால் போதும்.

ரெண்டும் சரியெண்டால் அது சோளகக் காத்து. பரந்தன் வெளியில தடுக்க ஒரு பனையும் இல்லாத இடத்தில காத்து தென்மேற்கால நேரா அடிக்கும். 20 கிலோப் பிள்ளையை அது தள்ளும், தள்ளினதுக்கு எதிரா ஹான்டிலைத் திருப்பினால் இன்னும் சாயும். காத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடப் பழக்குங்கோ, வேகம் குறைய இருக்கும், ஆனால் நேரா இருக்கும். பக்கக் காத்தில விடவேண்டாம். காலமை ஆறு மணிக்கு வெளியில வெளிச்சம் காணும், காத்தும் இன்னும் எழும்பியிராது. எட்டு மணிக்கு வீட்டுப்பக்கத்துப் பனை ஓலை சலசலக்கத் துவங்கினால் அண்டைக்குப் போதும், சைக்கிளை உள்ளுக்கு எடுங்கோ.